2 முறை எம்.எல்.ஏ... கடைசியில் இலவச வீடு கேட்டு மனு! யார் இந்த நன்மாறன்? இப்படி ஒருவர் இன்று ஜெயிக்க முடியுமா?

மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம். பட்டா, உதவித்தொகை, வீடு என்று மனுவோடு நிற்கும் கூட்டம். 2021-ல் அந்தக் கூட்டத்தில் ஒருவராக வந்து, ஏழைகளுக்கு அரசு கொடுக்கும் இலவச வீட்டைத் தனக்கும் ஒதுக்கச் சொல்லி மனு கொடுத்தார் ஒரு பெரியவர். அவர் பெயர் நன்மாறன். மதுரை கிழக்குத் தொகுதியில் அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்த முன்னாள் எம்.எல்.ஏ!

அதே ஆண்டு அக்டோபர் 28-ம் தேதி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தன் 74-வது வயதில் அவர் காலமானார். "இப்படியும் ஒரு எம்.எல்.ஏ. இருந்தாரா?" என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். அந்த ஆச்சரியத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்ப்போம்.

யார் இந்த நன்மாறன்?

1947-ல் மதுரையில் பிறந்தவர். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியர். வாலிபர் சங்கத்திலும், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்திலும் செயல்பட்டவர். சிரிக்கச் சிரிக்கப் பேசியே அரசியலைப் புரியவைப்பார். அதனால்தான் 'மேடைக் கலைவாணர்' என்ற பட்டப்பெயர்.

2001-ல் அதிமுக கூட்டணியில் நின்று ஜெயித்தார். 2006-ல் அவர் கட்சி திமுக கூட்டணிக்கு வந்தது. அப்போதும் நூலிழை வித்தியாசத்தில் ஜெயித்தார். கூட்டணி மாறியது, ஆள் மாறவில்லை. பதவி போன பிறகும் ஆட்டோவிலும் பேருந்திலும்தான் பயணம். வாடகை வீட்டில்தான் குடியிருப்பு. அவரை ஏற்றிச்சென்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் போட்ட பதிவு சமூக வலைதளங்களில் வேகமாகப் பரவிய பிறகுதான், வெளியூர்க்காரர்கள் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

எம்.எல்.ஏ.வுக்கு நல்ல சம்பளம் ஆச்சே?

நியாயமான கேள்விதான். 2017-ல் தமிழக எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளம் 55 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 5 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியமும் 12 ஆயிரத்திலிருந்து 20 ஆயிரமானது. பிறகும் கூடியிருக்கிறது.

ஆனால் இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, நன்மாறன் பதவியில் இருந்தது இந்த உயர்வுக்கு முன்பு. இரண்டாவது, கம்யூனிஸ்ட் கட்சிகளில் எம்.எல்.ஏ. சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு, கட்சி தரும் தொகையில் குடும்பம் நடத்துவதுதான் வழக்கம்.

தொகுதி மேம்பாட்டு நிதி கோடிக்கணக்கில் வருமே என்று கேட்கலாம். அது எம்.எல்.ஏ. கைக்கு வரும் பணம் இல்லை. எந்த வேலை செய்யலாம் என்று அவர் பரிந்துரைப்பார். அனுமதி கொடுப்பதும், வேலையை முடிப்பதும் அரசு நிர்வாகம். ஆக, நேர்மையாக இருந்தால் ஒரு எம்.எல்.ஏ. பணக்காரர் ஆக வழியே இல்லை. நன்மாறன் விதிவிலக்காகத் தெரிகிறார் என்றால், விதி எங்கே போனது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

அதே மதுரை, இன்னொரு கதை

நன்மாறன் எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்திலேயே, 2009 ஜனவரியில் அதே மாவட்டத்தில் திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பெயர் வந்தது அங்கிருந்துதான். அதன் பிறகு, 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று பணப் பட்டுவாடா புகாரில் தேர்தலே நிறுத்தப்படும் அளவுக்குப் போனது.

அப்போ, நன்மாறன் மாதிரி ஒருவர் இன்று நிற்க முடியுமா?

நிற்கலாம். டெபாசிட் 10 ஆயிரம் ரூபாய்தான். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 ஆயிரம். ஜெயிப்பதுதான் சிக்கல். சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று 2022-ல் உச்சவரம்பு உயர்த்தப்பட்டது. ஆனால் இந்த வரம்பு வேட்பாளருக்குத்தான். கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்குச் செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. கணக்கில் காட்டாத பணமோ எந்த வரம்புக்குள்ளும் வராது.

இதனால் என்ன ஆகிறது? 'எவ்வளவு செலவு பண்ணுவீங்க?' என்பது சீட்டு கேட்டு வருபவரிடம் முக்கியமான கேள்வியாகிவிடுகிறது. செலவு செய்து ஜெயித்தவர், போட்டதை எடுக்கப் பார்க்கிறார். அந்தப் பணம் கடைசியில் சாலையிலும் சாக்கடையிலும் குறைகிறது. ஓட்டுக்கு வாங்கிய நோட்டை ஐந்து வருஷமும் நாம்தான் திருப்பிக் கட்டுகிறோம்.

எளிமை மட்டும் போதுமா?

மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்தவர் கக்கன். காமராஜர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் இருந்த அவரும், கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் சாதாரணப் படுக்கையில்தான் கிடந்தார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்தார். கக்கனை இன்று புகழாத கட்சி இல்லை. ஆனால் 'கக்கன் மாதிரி வாழ்ந்தார்' என்று பாராட்டுவது சுலபம். அப்படி ஒருவருக்கு சீட்டு கொடுப்பதும், அவருக்கு ஓட்டு போடுவதும்தான் கஷ்டம்.

ஏழையாக இருப்பது மட்டுமே தகுதியும் ஆகிவிடாது. சட்டமன்றத்தில் என்ன பேசினார், தொகுதிக்கு என்ன கேட்டார் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். வாழ்க்கை முழுக்க மக்கள் வேலை செய்தவர் முதுமையில் வீட்டுக்காக மனுவோடு நிற்பதும் பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை.

நீங்கள் செய்ய முடிந்தது என்ன?

ஒவ்வொரு வேட்பாளரும் தன் சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை யாரும் படிக்கலாம். உங்கள் எம்.எல்.ஏ. முந்தைய தேர்தலிலும் நின்றவர் என்றால், இரண்டு பத்திரங்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளில் தொகுதி வளர்ந்ததா, அவர் சொத்து வளர்ந்ததா என்பது பத்தே நிமிடத்தில் புரிந்துவிடும்.