டிரான்ஸ்ஃபர் சீசனும் ஒரு பழைய மைதானமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

நேற்று ராத்திரி லண்டனிலிருந்து பேரன் வீடியோ காலில் வந்தான். "தாத்தா, எங்க டீம்ல இன்னொருத்தரும் போகப் போறாராம்" என்றான். யாருப்பா, எங்கே போறார் என்று கேட்டேன். "உறுதியாத் தெரியல தாத்தா. ஆனா எல்லாரும் சொல்றாங்க" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் ஆசிரியர் அறையில் மே மாதம் தவறாமல் கேட்ட பேச்சுதானே இது! "அவருக்குப் பக்கத்து ஒன்றியத்துக்கு ஆர்டர் ஆயிடுச்சாம், உறுதியாத் தெரியல." கலந்தாய்வு நடக்கும்வரை டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில் எங்கே இரண்டு வாத்தியார் சந்தித்தாலும் இதே பேச்சுதான். அங்கே கால்பந்து ரசிகர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். கோடை முழுக்க யார் வருகிறார், யார் போகிறார் என்பதே பேச்சு.

2023 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நானும் என் மனைவியும் மகன் வீட்டில் இருந்தோம். கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாம். நம்மவர்கள் நிறைய பேர் இருக்கும் பகுதி. நடக்கிற தூரத்தில் முருகன் கோயில். பக்கத்தில் கிரீன் ஸ்ட்ரீட் போனால் புடவைக் கடை, நகைக் கடை, காய்கறிச் சந்தை என்று நம்ம ஊர்க் கடைவீதி மாதிரியே இருக்கும். அந்தப் பகுதியின் அணி வெஸ்ட் ஹாம். பேரன் அதற்கு உயிரையே விடுவான்.

நாங்கள் போன அதே வாரம், ஜூன் 7 அன்று, பிராக் நகரத்தில் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் இறுதி ஆட்டம். இத்தாலியின் ஃபியோரென்டினாவை 2-1 என்று வெஸ்ட் ஹாம் வென்றது. 1980-க்குப் பிறகு, 43 வருடம் கழித்துக் கிடைத்த பெரிய கோப்பை. தெருவே கூத்தாடியது. கோப்பையைத் தூக்கியவர் கேப்டன் டெக்லன் ரைஸ். பேரன் சுவரில் அவர் படம்தான்.

மறுநாள் காலையிலேயே அவர் வேறு அணிக்குப் போகப் போகிறார் என்ற பேச்சு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆர்சனல் கேட்டது, மான்செஸ்டர் சிட்டியும் கேட்டுவிட்டு விலகியது. ஜூலை 15 அன்று ஆர்சனல் அறிவித்தது. தொகை 10 கோடி பவுண்டு, மேற்கொண்டு 50 லட்சம் வரை. பேரன் படத்தைக் கழற்றி அலமாரிக்கு அடியில் போட்டுவிட்டு, இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது அவனுக்குப் பத்து வயது.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு வீரர் அணியோடு இத்தனை வருடம் என்று ஒப்பந்தம் போடுகிறார். அது முடிவதற்குள் வேறு அணி அவரைக் கூப்பிட்டால், பழைய அணிக்கு ஒரு தொகை தர வேண்டும். அந்தப் பணம் வீரருக்கு இல்லை, அணிக்கு. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் பைசா இல்லாமல் போகலாம். இது 1995-ல் போஸ்மான் என்ற பெல்ஜிய வீரர் வழக்குப் போட்டு வாங்கிய தீர்ப்பு. அதனால்தான் ஒப்பந்தம் முடிய ஒன்றிரண்டு வருடம் இருக்கும்போதே வதந்தி கிளம்புகிறது. மாறுவதற்குக் கோடையிலும் ஜனவரியிலும் மட்டுமே அனுமதி. அந்த நாட்களில் ஏஜென்டும் பேசுவார், பத்திரிகையும் பேசும். பாதி பொய்யாகத்தான் இருக்கும். பொய் என்று தெரிந்தும் ரசிகர்கள் படிப்பார்கள்.

ஏன் படிக்கிறார்கள்? பக்கத்து வீட்டில் எழுபது வயது தாண்டிய வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். பரம்பரை வெஸ்ட் ஹாம் ரசிகர். வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என் ஆங்கிலம் தடுமாறும் இடத்தில் பேரன் கைகொடுப்பான். ரைஸ் போனதைப் பற்றிக் கேட்டேன். "பாபி மூரே போனவர்தான், இவர் எம்மாத்திரம்" என்றார்.

பாபி மூர் 1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்றபோது கேப்டன். வெஸ்ட் ஹாம்காரர். அந்த இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்து போட்ட நான்கு கோலும் வெஸ்ட் ஹாம் வீரர்கள் போட்டவை. ஹர்ஸ்ட் மூன்று, பீட்டர்ஸ் ஒன்று. அந்த மூரை 1974-ல் ஃபுல்ஹாம் அணிக்கு 25,000 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஃபுல்ஹாமும் வெஸ்ட் ஹாமும் மோதின. மூர் எதிரணியில். வெஸ்ட் ஹாம் 2-0 என்று ஜெயித்தது. அன்றைக்கு ஜெயித்தும் அழுதேன் என்றார் பெரியவர்.

கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? 10.5 கோடியை 25,000-ஆல் வகுத்தேன். 4,200 மடங்கு. மூருக்கு அப்போது 32 வயது, ரைஸுக்கு 24 என்பதால் நேரடியாக ஒப்பிடுவது சரியில்லைதான். ஆனாலும் விளையாட்டில் பணம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது புரியும்.

ஒரு நாள் மாலை எங்கள் இருவரையும் பழைய மைதானம் இருந்த இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். அப்டன் பார்க் என்பார்கள், போலின் கிரவுண்ட் என்றும் பெயர். 1904-லிருந்து 2016 வரை 112 வருடம் அணியின் வீடு. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. பார்க்கிங் ரோடு முனையில் மூரைத் தோளில் தூக்கி நிற்கும் வெண்கலச் சிலை மட்டும் இருக்கிறது. பெரியவர் ஒரு கட்டடத்தைக் காட்டி, "இங்கேதான் சிக்கன் ரன் இருந்தது" என்றார். கோழிக்கூடு மாதிரி இருந்ததால் பழைய கிழக்குப் பக்க மரக் கொட்டகைக்கு அந்தப் பெயராம். சின்ன வயதில் அப்பா தோளில் வருவாராம். கூட்டம் நெருக்கினால் பிள்ளைகளைத் தலைக்கு மேலே கை மாற்றி மாற்றி முன்வரிசைக்கு இறக்கிவிடுவார்களாம். "யார் பிள்ளை என்று எவனும் கேட்டதில்லை" என்றார். அப்பாவின் முகம் இப்போது சரியாக ஞாபகம் இல்லை, ஆனால் அவர் நிற்கும் படிக்கட்டு ஞாபகம் இருக்கிறது என்றும் சொன்னார். பேரன் அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது குரல் கம்மியது.

2016 மே 10 அன்று அங்கே கடைசி ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டோடு. 3-2 என்று வெஸ்ட் ஹாம் வென்றது. வந்த அணியின் பஸ் மீது சிலர் பாட்டில் எறிந்ததால் ஆட்டம் 45 நிமிடம் தாமதம். அதையும் பெரியவர் மறைக்கவில்லை. "எங்களுக்கு அது அவமானம்" என்றார்.

இனி என் கருத்து.

ஆள் போவதைத் துரோகம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எப்படிப் போகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ரைஸ் போகும் எண்ணத்தில் இருந்தது ஊரறிந்த விஷயம். ஆனாலும் கடைசி ஆட்டம்வரை ஓடி, கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். 2017 ஜனவரியில் திமித்ரி பயே என்ற பிரெஞ்சு வீரர், இனி இந்த அணிக்கு ஆட மறுக்கிறார் என்று மேலாளரே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லும்படி செய்து மார்சே அணிக்குப் போனார். இரண்டும் ஒன்றல்ல.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானும் ஒரு முறை மோசமாகப் போனவன். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. 1996-ல் மலையடிவாரத்து ஒரு பள்ளியில் இருந்தேன். போக வர நான்கு மணி நேர பஸ். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மாறுதலுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். எப்படியோ பிள்ளைகளுக்குக் காதில் விழுந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "சார், நீங்க போறீங்களா?" என்று கேட்டான். "எவன்டா சொன்னது? நான் எங்கேயும் போகல, உட்கார்" என்றேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நான் அங்கே இல்லை.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். மரியாதையாக வணக்கம் சொன்னான். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்: "சார், நீங்க போனது தப்பில்ல சார். போக மாட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அதான். ஒரு மாசம் கேட் பக்கத்துலயே நின்னேன்." எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி, இதைப் படிக்கிறாய் என்றால், அன்றைக்குக் கேட்க வாய் வராத மன்னிப்பை இன்று எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

வதந்தியைத் துருவித் துருவிப் படிக்கிறவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. அவர்களும் கேட் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான். பேரனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மறுநாள் ரைஸ் படம் மறுபடி சுவரில் இருந்தது. ஆனால் தலைகீழாக! சரி, அது அவன் உரிமை.

ஆள் போனால் இன்னொருவர் வருவார். மைதானம் போனால் அப்படி இல்லை. நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. பழைய இடத்தில் சுமார் 35,000 பேர் உட்காரலாம். ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய புது இடத்தில் 60,000-க்கும் மேல். வருமானம் கூடும். அந்த ஐரோப்பியக் கோப்பையும் அங்கே போன பிறகுதான் வந்தது. ஆனால் அது ஓட்டப் பந்தயத்துக்காகக் கட்டியது. ஆடுகளம் தூரத்தில் தெரிகிறது என்பது ரசிகர்களின் குறை. லிவர்பூலில் எவர்ட்டன் அணி 2025-ல் புது மைதானத்துக்குப் போனபோது, 1892-லிருந்து இருந்த குடிசன் பார்க்கை இடிக்காமல் தங்கள் பெண்கள் அணிக்குக் கொடுத்தது. மனது இருந்தால் வழி கிடைக்கிறது.

இப்போது வேண்டுகோள். நம்ம பள்ளி மைதானத்தில் வேப்பமரத்துப் பக்கம் மூன்று வகுப்பறை கட்டப் பேச்சு நடக்கிறது. கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து படிக்கிறார்கள், கட்டாயம் வேண்டும். ஆனால் சுற்றுச்சுவர் ஓரம் பழைய ஓட்டுக் கட்டடம் இடித்த இடம் ஒன்பது வருடமாக முள் மண்டிக் கிடக்கிறது. மூன்று அறைக்கு அது தாராளமாகப் போதும். நான் அடியளந்து பார்த்துவிட்டேன். மைதானத்தில் கை வைக்க வேண்டாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். ஒரு கிழவன் மட்டும் சொன்னால் எடுபடாது. ஊரில் இருக்கும் பழைய மாணவர்கள் வந்து நில்லுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் அந்த மைதானத்தில் நடந்த ஏதாவது ஒன்றை நாலு வரி கீழே எழுதுங்கள். அச்செடுத்துக் கொண்டு போகிறேன். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்!

எல்லோரும் நலமாக இருங்கள். வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்