தாளில் உள்ள சூனியமும் தகட்டில் உள்ள சூனியமும்

 

வெளியூர்க் கல்லூரிகளில் பயிலும் நம் செஞ்சிப் பிள்ளைகள் சிலர் விடுமுறைக்கு வரும்போது புதுவகை விளையாட்டு ஒன்றையும் உடன் கொண்டுவருகிறார்கள். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை உருவாக்கி, அவருடைய ஆற்றலையும் குறைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் தத்தம் மாந்தராக நின்று பேசி முடிவெடுக்கிறார்கள். அம்மாந்தருள் மந்திரவாதியும் உண்டு. அந்தத் தாளைக் கண்டெடுத்த பெற்றோர் பதறிப்போய், பிள்ளை சிஹ்ர் கற்கிறானா, அவனுடைய ஈமானுக்கு என்ன ஆகும் என்று மதரஸாவில் பாடம் சொல்லும் எங்களிடம் வந்து கேட்கிறார்கள்.

கேட்பது நியாயமே. அழிவில் தள்ளும் ஏழு பெரும்பாவங்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, இணைவைத்தலுக்கு அடுத்ததாகச் சூனியத்தை வைத்தார்கள். ஆனால் கேட்பவரின் வீட்டு நிலைப்படியில் எண்கட்டம் வரைந்த செப்புத் தகடு தொங்குகிறது. குழந்தையின் இடுப்பில் ஏழு முடிச்சிட்ட கயிறு இருக்கிறது. மகளுக்கு வரன் தட்டிப்போனால் பால் கிதாபு பார்க்க ஆள் தேடுகிறார்கள். தாளைக் கண்டு நடுங்கும் கண்கள் தகட்டைக் கண்டு நடுங்குவதில்லை. இந்தத் தலைகீழ் நிலையைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

முதலில் தாளில் இருப்பதைப் பார்ப்போம். இவ்வகையில் முதலாவதான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளியானது. அதன் பின்னர் மந்திரவாதியை ஆடுபவரே தம் விருப்பப்படி வடிவமைக்கும் முறைகள் வந்தன. 1986இல் வந்த கர்ப்ஸ் என்னும் விளையாட்டில் ஆற்றல்களைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். கூடுதல் புள்ளி வேண்டுமானால் அச்சம், நோய், வறுமை போன்ற ஒரு குறையை ஏற்க வேண்டும். கடினமான மந்திரத்தைக் கற்பதற்கு முன் எளிய மந்திரங்களைக் கற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை மந்திரம் போடும்போதும் உடல் களைப்பு என்னும் விலையைச் செலுத்த வேண்டும்.

1987இல் வெளியான ஆர்ஸ் மேஜிகா இன்னும் நெகிழ்வானது. படைத்தல், அறிதல், மாற்றுதல், அழித்தல், ஆளுதல் என்று ஐந்து செயல்கள். நீர், நெருப்பு, மண், உடல், மனம் என்பன போன்ற பத்துப் பொருள்கள். இரண்டையும் இணைத்து அவ்வப்போது மந்திரத்தை வகுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விதிநூலே மந்திரவாதிக்கு எல்லை கட்டுகிறது. இறைவனுடைய காரியத்தில் அவனால் கைவைக்க முடியாது. மனித ஆன்மாவைப் படைக்க முடியாது. இறந்தவரை மீட்க முடியாது. கற்பனை மந்திரவாதிக்கு விதித்த இந்த எல்லைகளை நம்மூர்த் தகட்டுக்காரர் தமக்கு விதித்துக்கொள்வதில்லை என்பதைச் சகோதரர்கள் கவனிக்க வேண்டும்.

கற்பனையில் ஒருவனை மந்திரவாதியாக்குவது சிஹ்ர் ஆகுமா? பல மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக அரபு இலக்கியப் பாடமாக இருந்துவரும் ஹரீரியின் மகாமாத் நூலை எண்ணிப் பாருங்கள். அதன் நாயகன் அபூ ஸைத் ஊர் ஊராகப் போய்ச் சொல்வன்மையால் மக்களை ஏய்த்துப் பணம் பறிப்பவன். அதை ஓதிய மாணவர்கள் ஏமாற்றுக் கற்றார்கள் என்று எவரும் சொன்னதில்லை. சிஹ்ர் என்பது ஒருவருக்குத் தீங்கு நாடி, அல்லாஹ் அல்லாதவற்றின் உதவியைத் தேடிச் செய்யும் செயல். ‘என் மாந்தர் நெருப்பை மூட்டுகிறார்’ என்று மேசையில் ஒரு பிள்ளை சொல்லும்போது அங்கே எந்த ஜின்னும் அழைக்கப்படுவதில்லை; எவருக்கும் தீங்கு நாடப்படுவதுமில்லை.

இதனால் அவ்விளையாட்டு முழுவதற்கும் நாம் வாசலைத் திறந்துவிடவில்லை. நர்த் என்னும் பகடையாட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பணயம் இல்லாவிட்டாலும் அது கூடாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் தீர்ப்பு. ஆகவே பகடையை ஒதுக்குவதே பேணுதல். பகடையே இல்லாமல் ஆடும் விளையாட்டு 1991இலேயே வந்துவிட்டதால், பகடை இல்லாமல் ஆட இயலாது என்ற சாக்கும் செல்லாது. அடுத்து, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் கிளெரிக் என்னும் வகை மாந்தர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கற்பனைத் தெய்வத்தை வணங்கி ஆற்றல் பெறுபவர். முஸ்லிம் பிள்ளை விளையாட்டுக்கும் அந்தப் பாத்திரத்தை ஏற்கலாகாது. தொழுகை நேரத்தை விழுங்கும் எந்த ஆட்டமும் ஆகாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இவை பிள்ளையோடு உட்கார்ந்து அன்பாகப் பேசித் தீர்க்க வேண்டியவை. தாளைக் கிழித்து எரிப்பதால் தீருபவை அல்ல.

‘இது ஷைத்தானின் வாசல்’ என்று இன்று கிளம்பும் கூக்குரல் நம்முடைய கிதாபுகளிலிருந்து வந்ததும் அன்று. 1980களில் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரசாரகர்கள் இதே குற்றச்சாட்டை ஊரெங்கும் பரப்பினார்கள். 1984இல் படக்கதையாகவே ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார்கள். நமக்கு ஃபிக்ஹ் இருக்கிறது. இரவல் அச்சம் எதற்கு?

இனித் தகட்டுக்கு வருவோம். குர்ஆன் வசனத்தை மட்டும் எழுதி அணியலாமா என்பதில் ஸஹாபாக்கள் காலம் முதலே இரு கருத்துகள் உண்டு. அந்த விவாதத்தை இங்கே நாம் எழுப்பவில்லை. பொருள் தெரியாத எழுத்துகளையும் எண்கட்டங்களையும் விற்பவர், கிதாபைப் புரட்டி மறைவானதைச் சொல்பவர், ‘உனக்குச் செய்வினை வைத்தது இன்னார்’ என்று ஆளைக் காட்டுபவர் ஆகியோரைப் பற்றியே பேசுகிறோம்.

அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் ஸுலைமான் (அலை) அவர்களைச் சூனியப் பழியிலிருந்து விடுவிக்கிறது. கணவன் மனைவியரைப் பிரிப்பதைச் சூனியக்காரரின் வேலையாகக் காட்டுகிறது. அல்லாஹ்வின் நாட்டமின்றி அவர்களால் எவருக்கும் தீங்கு செய்ய இயலாது என்றும் அறுதியிட்டுக் கூறுகிறது. ‘உன் மருமகள்தான் செய்வினை வைத்தாள்’ என்று மாமியாரின் காதில் ஓதி, நிக்காஹ் முடிந்து ஓராண்டு ஆகாத பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பவைப்பவர் செய்வது என்ன வேலை? சூனியத்தை முறிப்பதாகச் சொல்லிக்கொண்டு சூனியக்காரரின் வேலையை அவரே முடித்துவிடுகிறார்.

இன்னோர் அடையாளமும் குர்ஆனில் உண்டு. மூஸா (அலை) அவர்களை எதிர்க்க வந்த சூனியக்காரர்கள் ஃபிர்அவ்னிடம் முதலில் கேட்டது, வென்றால் தமக்குக் கூலி உண்டா என்பதே. நபிமார்களோ தம் சமூகத்தாரிடம் கூலி கேட்கவில்லை என்றே சொன்னார்கள். தேள் கொட்டியவருக்கு ஃபாத்திஹா ஓதி ஆடுகள் பெற்ற ஸஹாபாக்களின் ஹதீஸைச் சிலர் மறுப்பாகக் காட்டுவார்கள். அவர்கள் கண்முன் இருந்த நோயாளிக்கு, எல்லாரும் அறிந்த ஓர் அத்தியாயத்தை ஓதினார்கள். எதிரி யார் என்று குறிசொல்லவில்லை. தவணை முறையில் பணம் வாங்கவுமில்லை.

குறிகாரனிடம் சென்று கேட்பவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள எச்சரிக்கை. அடகு வைத்த நகை, வட்டிக்கு வாங்கிய கடன், மருத்துவரிடம் போகாமல் கழிந்த மாதங்கள், முறிந்த உறவு என்று இந்தக் கணக்கு நீள்கிறது. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன நபியின் உம்மத்துக்கு இது அழகா?

நம் ஊர்க் கோட்டையைப் பாருங்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதை முற்றுகையிட்டது. அத்தனை ஆண்டுகள் அது தாங்கி நின்றதற்கு மூன்று மலைகளை இணைத்த மதிலும், தானியக் களஞ்சியமும், வற்றாத நீருமே காரணங்கள். குடும்பத்துக்கும் அப்படித்தான். காலை மாலை திக்ருகள், உறங்குமுன் ஓதும் ஃபலக், நாஸ் அத்தியாயங்கள், நல்ல மருத்துவர், மருமகளைப் பற்றி நல்லெண்ணம் ஆகியவையே வீட்டுக்கு மதில்.

பிள்ளையின் தாளைப் பற்றிக் கேட்க வருபவர்கள் தாராளமாக வாருங்கள். வரும்போது நிலைப்படித் தகட்டையும் கழற்றி எடுத்து வாருங்கள். இரண்டையும் அருகருகே வைத்து மார்க்கத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம். சந்தேகப்பட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பிய பெண் உங்கள் வீட்டில் இருந்தால், அதற்கும் முன்பாக அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்து வாருங்கள்.

அல்லாஹ் நம் குடும்பங்களைச் சூனியத்தின் தீங்கிலிருந்தும், அதன் பெயரால் நடக்கும் வியாபாரத்தின் தீங்கிலிருந்தும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.