பட்டனை அமுக்கினேன்… பதிலே இல்லை!

போன வாரம் எங்க வீட்டுல ஒரு மரணம் நிகழ இருந்து, கடைசி நிமிஷத்துல தப்பிச்சுடுச்சு. பதறாதீங்க. ஆள் யாரும் இல்லை, எங்க வீட்டு சர்வர்!

'வீட்டுக்கு எதுக்குடா சர்வர்?'னு கேக்குறீங்களா? நியாயமான கேள்விதான். எங்க ஊரு மத்திகிரி. ஓசூரை ஒட்டி, கர்நாடகா பார்டருக்குப் பக்கத்துல இருக்கு. 1824-ல் கிழக்கிந்திய கம்பெனி குதிரை வளர்க்கிறதுக்காக ஆரம்பிச்ச பண்ணை இன்னிக்கு கால்நடைப் பண்ணையா நிக்குதே, அதே ஊருதான். இந்தப் பக்கம் பண்ணையில மாடு, அந்தப் பக்கம் சிப்காட்டுல மெஷின். எங்கப்பா அந்த மெஷின் சைடு. சிப்காட்டுல ஒரு சின்ன ஷெட்டுல ரெண்டு லேத் வெச்சு, பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் பண்றார். டிராயிங், டெலிவரி சலான், இன்வாய்ஸ்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டு இருந்தவரை, ''என்னப்பா நீங்க… இன்னும் பில் புக்கைத் தூக்கிட்டு அலையறீங்க?''னு கிண்டல் பண்ணி, ஏழு வருஷப் பழைய டெஸ்க்டாப்புல லினக்ஸ் போட்டு சர்வர் செஞ்சு கொடுத்த புண்ணியவான் நான்தான்.

ஒன்றரை வருஷம் ராத்திரி பகலா ஓடுச்சு. அப்புறம் மே மாசம் 9-ம் தேதி ராத்திரி பெங்களூரு பக்கமிருந்து ஒரு மழை வந்துச்சு பாருங்க… இடி, மின்னல், கரன்ட் கட். யு.பி.எஸ். கால் மணி நேரம் கத்திட்டு அடங்கிடுச்சு. காலையில ஆறு மணிக்கு கரன்ட் வந்தது. சர்வர் வரலை.

கரன்ட் வந்ததும் தானா எழுந்திருக்கணும்னு பயாஸ்ல செட் பண்ணி வெச்சிருந்தேன். எழுந்திருக்கலை. பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுத்தலை, லைட் எரியலை, 'பீப்' சத்தம்கூட இல்லை. அப்பா பல் தேய்ச்சுக்கிட்டே எட்டிப் பார்த்துட்டு, ''நாளைக்கு 11-ம் தேதி. ஆடிட்டருக்குப் பில்லெல்லாம் அனுப்பணும்''னார், அவ்வளவுதான். திட்டியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும் பாஸ்! மாசாமாசம் ஜி.எஸ்.டி. கட்டுறவங்க போன மாச விற்பனைக் கணக்கை 11-ம் தேதிக்குள்ள ஏத்தணும். அந்தக் கணக்கு பூரா அந்த டப்பாவுக்குள்ளதான் இருந்துச்சு. வேற காப்பி? 'அடுத்த வாரம் எடுக்கலாம்'னு ஒன்றரை வருஷமா தள்ளிப் போட்டுட்டு இருந்தேன்.

இந்த இடத்துல பதற்றத்துல நான் மறந்துபோன ஒரு விஷயத்தை நீங்க மறந்துடாதீங்க. மதர்போர்டு செத்தா டேட்டா சாகாது. டேட்டா இருக்குறது ஹார்டு டிஸ்க்குல. அதைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா படிச்சுடலாம் (டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணியிருந்தா அதோட 'ரெகவரி கீ' கையில வேணும், அது தனிக் கதை).

நண்பன்கிட்ட யு.எஸ்.பி. கேபிள் கடன் வாங்கி, டிஸ்க்கை அவனோட விண்டோஸ் லேப்டாப்புல சொருகினேன். உடனே ஒரு பெட்டி எட்டிப் பார்த்துச்சு. 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தணும்னா ஃபார்மேட் பண்ணணும், பண்ணட்டுமா?' பெரிய மனசோட கேக்குது! என் விரல் என்டர் பட்டன் மேல இருந்தது. சத்தியமா சொல்றேன், தூக்கக் கலக்கத்துல அமுக்கியிருப்பேன். நண்பன்தான் கையைத் தட்டி விட்டான். லினக்ஸ் முறையில எழுதின டிஸ்க் விண்டோஸுக்குப் புரியாது. புரியாததை 'காலி'னு நினைச்சுக்கும். அமுக்கியிருந்தா அப்பாவோட ஒன்றரை வருஷக் கணக்கு ஸ்வாஹா!

'கேன்சல்' கொடுத்துட்டு, பென் டிரைவ்ல லினக்ஸ் ஏத்தி, அதுல லேப்டாப்பை பூட் பண்ணிப் பார்த்தா… எல்லா ஃபைலும் அப்படியே இருக்கு. முதல் வேலையா மொத்தத்தையும் காப்பி எடுத்து, ஏப்ரல் மாசப் பில்லை ஆடிட்டருக்கு மெயில் பண்ணினேன். அப்புறம்தான் தொண்டையில காபி இறங்குச்சு.

டேட்டா தப்பிச்சாச்சு. இனி போர்டு. ஒரு கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். ''ஏழு வருஷ போர்டா? தூக்கிப் போடு தம்பி. போர்டு, பிராசஸர், ராம் எல்லாம் சேர்த்து 12 ஆயிரத்துல புதுசா போட்டுடலாம்''னாங்க. பார்க்காமலே தீர்ப்பு! அப்பாகிட்ட சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ''லேத் நின்னா நாங்க முதல்ல மோட்டாரையா கழட்டுவோம்?''

இல்லை. ஸ்விட்ச், ஃபியூஸ், வயர், அப்புறம்தான் மோட்டார். சரினு அப்பாவோட மல்ட்டிமீட்டரை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். நீங்களும் கூட வாங்க.

ஸ்டெப் 1: சுவத்துல இருந்து ஆரம்பி. அதே பிளக்குல போன் சார்ஜரைப் போட்டுப் பார்த்தேன், ஏறுது. பவர் கார்டை மாத்தினேன். எஸ்.எம்.பி.எஸ். பின்னாடி இருக்கிற குட்டி ஸ்விட்ச் 'ஆன்'லதான் இருக்கு. சிரிக்காதீங்க, பாதி கேஸ் இங்கேயே முடிஞ்சிடும்னு எங்க லேப் அண்ணன் சொல்வார்.

ஸ்டெப் 2: பட்டனையே சந்தேகப்படு. கேபினெட் பட்டன்ல இருந்து ரெண்டு மெல்லிசு வயர் போர்டுல ஒரு மூலைக்குப் போகும். அதைக் கழட்டிட்டு, அந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு செகண்டு தொட்டா போதும், பட்டன் அமுக்கினதா அர்த்தம். எந்த ரெண்டு பின்னுனு போர்டு மேனுவல்ல பார்த்துட்டுத் தொடுங்க. தொட்டேன். சைலன்ஸ்.

ஸ்டெப் 3: பேப்பர் கிளிப். எஸ்.எம்.பி.எஸ்-ல இருந்து போர்டுக்குப் போற 24 பின் கனெக்டரைப் பார்த்திருப்பீங்க. அதுல ஒரே ஒரு பச்சை வயர் இருக்கும், 16-வது பின். அதுதான் 'எழுந்திரு' சிக்னல். 1995-ல் இன்டெல் கொண்டு வந்த ஏ.டி.எக்ஸ். முறையில இருந்து இதான் ஏற்பாடு. நாம அமுக்குற பட்டன் நேரடியா கரன்ட்டைத் திறக்குறது இல்லை. அது போர்டுகிட்ட சொல்லும், போர்டு பச்சை வயரைக் கிரவுண்டோட இணைக்கும், அப்புறம்தான் எஸ்.எம்.பி.எஸ். முழுசா முழிக்கும். அதனால பிளக்கைப் பிடுங்கிட்டு, கனெக்டரைப் போர்டுல இருந்து கழட்டி, பச்சையையும் பக்கத்து கறுப்பையும் பேப்பர் கிளிப்பால இணைச்சுட்டு, மறுபடி கரன்ட் கொடுத்தேன். ஃபேன் சுத்துச்சு!

''எஸ்.எம்.பி.எஸ். ஓகே. அப்ப போர்டுதான் காலி!''னு கத்தினேன். அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கலை. ''லோடு இல்லாம சுத்துற மோட்டாரை நல்ல மோட்டார்னு சொல்லுவியா?''

மூணு வருஷமா எலெக்ட்ரிக்கல் பேப்பர் எல்லாம் பாஸ் பண்ணினவன் நான். பத்தாவதோட நிறுத்தினவர் அவர். வாயை மூடிக்கிட்டு மீட்டரை எடுத்தேன்.

ஸ்டெப் 4: ஊதா வயர். இதுதான் இந்த வாரத்து ஹீரோ. கம்ப்யூட்டர் ஆஃப்ல இருக்கும்போதும் போர்டுக்கு ஒரு சின்ன கரன்ட் போய்க்கிட்டே இருக்கும். அதுக்குப் பேரு ஸ்டாண்ட்பை, 5 வோல்ட், ஊதா கலர், 9-வது பின். பட்டனை அமுக்கினதைப் போர்டு கவனிக்கணும்னா இந்த அஞ்சு வோல்ட் வேணும். 4.75-ல் இருந்து 5.25-க்குள்ள இருந்தா நார்மல். கனெக்டரைக் கழட்டி வெச்சு அளந்தேன், 5.1. அழகு! போர்டுல மாட்டிட்டு, கனெக்டரோட முதுகுப் பக்கமா மீட்டர் முனையை நுழைச்சு அளந்தேன்… 2.8!

லோடு வந்ததும் மூச்சு வாங்குது. ஆனா குற்றவாளி யாரு? பலவீனமான எஸ்.எம்.பி.எஸ்-ஸா, இல்லை, உள்ளே ஷார்ட்டாகி கரன்ட்டை உறிஞ்சுற போர்டா? ரெண்டுக்கும் சான்ஸ் இருக்கு.

ஸ்டெப் 5: ஆளை மாத்திப் பாரு. நண்பனோட எஸ்.எம்.பி.எஸ்-ஸைக் கழட்டிட்டு வந்து மாட்டினேன் (அவன் வீட்டுல எனக்கு இன்னும் பேரு கெட்டுப் போய்தான் இருக்கு). போர்டு ஷார்ட்டா இருந்தா இதுலயும் வோல்ட் விழுந்திருக்கணும். விழலை. 5.0. போர்டு ஓரத்துல குட்டி பச்சை விளக்கு எரிஞ்சது. ஸ்க்ரூ டிரைவரால தொட்டேன்… 'பீப்'! அந்தச் சத்தத்துக்கு நான் ஆடின ஆட்டத்தை அம்மா வீடியோ எடுத்து வெச்சிருக்காங்க.

ஒன்றரை வருஷம் ஓடினது ஒரு மழைக்கு ஏன் விழுந்துச்சுனு உங்களுக்கும் தோணும். எஸ்.எம்.பி.எஸ்-ல இருக்கிற எலெக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்களுக்கு வயசு உண்டு. 10 டிகிரி சூடு கூடினா ஆயுசு பாதியாகும்னு ஒரு தோராயக் கணக்கு. வயசான கப்பாசிட்டர் சூடா இருக்கிற வரைக்கும் சமாளிச்சிடும், ஆறினா மக்கர் பண்ணும். எங்க சர்வர் ஆறினதே இல்லை. அந்த ராத்திரிதான் முதல்முறையா முழுசா ஆறுச்சு. வியாதி பல மாசமா இருந்திருக்கு, தெரிஞ்சது அன்னிக்குத்தான்.

இது எனக்கு மட்டும் வந்த சோதனையும் இல்லை. 2000-களின் தொடக்கத்துல மட்டமான கப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகள்ல வீங்கி, ஒழுகி, வெடிச்சு பெரிய கலாட்டா ஆச்சு. அந்த வகையில பழுதான கம்ப்யூட்டர்களைச் சரிபண்ண டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. எனக்கு ஆன செலவு? பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு பஸ் பிடிச்சுப் போய், கன்னடத்துல ஆரம்பிச்சு, தெலுங்குல பேரம் பேசி, தமிழ்ல முடிச்சு, 2,300 ரூபாய்க்கு ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். பன்னிரண்டாயிரம் எங்கே, இது எங்கே!

உங்க கேஸ்ல ஊதா வயர் நல்லா இருந்தா? பிராசஸர் பக்கத்துல இருக்கிற 4 அல்லது 8 பின் கனெக்டர் சரியா உட்கார்ந்திருக்கானு பாருங்க. போர்டைக் கழட்டி, அட்டைப் பெட்டி மேல வெச்சு, பிராசஸர், ஒரே ஒரு ராமோட மட்டும் ஓட்டிப் பாருங்க. கேபினெட்டுல ஏதாவது ஸ்க்ரூ போர்டுக்கு அடியில மாட்டி ஷார்ட் பண்ணிட்டு இருந்தா அப்பத் தெரிஞ்சிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே ஆளை அடிக்கிற அளவுக்கு கரன்ட் தங்கியிருக்கும். வீரம் காட்ட வேற இடம் இருக்கு!

இப்ப எங்க வீட்டுல தினமும் ராத்திரி பத்து மணிக்கு சர்வர் தானா இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி எடுக்குது. 'மூணு காப்பி வேணும், அதுல ஒண்ணு வேற இடத்துல இருக்கணும்'னு ஒரு ரூல் இருக்கு. மூணாவது காப்பியை எங்கே வைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே ஷெட்டுக்குப் போனேன். அப்பா லேத் பக்கத்துல மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே, கிரீஸ் கறையோட, ஜனவரியில இருந்து ஒரு பில்லுகூட விடாம எழுதின பில் புக்!

''எதுக்கும் இருக்கட்டும்னுதான்''னார்.

வர்றேன் ஃப்ரெண்ட்ஸ். இதைப் படிச்சு முடிச்ச கையோட உங்க ப்ராஜெக்ட் ஃபைலை எங்கேயாவது ஒரு காப்பி எடுத்துட்டு, அப்புறம் பக்கத்தைத் திருப்புங்க!