மோட்டார் ரூமும் ஒரு பட்டறைதான்

ரெட்டியார்சத்திரம் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு மோட்டார் ரூம் இருக்கும். பேருதான் மோட்டார் ரூம். உள்ளே ஸ்டார்ட்டர், கிரீஸ் டப்பா, மம்பட்டி, டிராக்டர் ஸ்பானர், மருந்தடிக்கிற டேங்க், பாதி யூரியா மூட்டை, மழை பெஞ்சா ரெண்டு ஆட்டுக்குட்டி. எங்க விவசாயத்தோட பட்டறையே அதுதான். பழனி ரோட்டை ஒட்டி இடம் வாங்கி, சனி ஞாயிறு வந்து போற டவுன் நண்பர்கள் அதைப் போட்டோ எடுத்து 'கிராமத்து அழகு'ன்னு போடுறாங்க. எனக்கு அழகாத் தெரியல. யாரோட விரலோ போகப்போற இடமாத்தான் தெரியுது.

தொழிற்சாலையில சுத்துற பாகத்துக்குத் தடுப்பு போடணும்னு 1948-லேயே சட்டம் வந்தாச்சு. தோட்டத்துக்கு அது பொருந்தாது. 1983-ல் வந்த ஆபத்தான இயந்திரங்கள் சட்டமும் கதிரடிக்கிற மெஷினை மனசுல வச்சு எழுதினதுதான். தட்டை வெட்டுற மெஷினைப் பார்க்க இங்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போறதில்லை. தோட்டக்காரன்தான் இன்ஸ்பெக்டர்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் பார்த்தா வேலை செஞ்சாங்க?"ன்னு பெருசுகள் கேப்பாங்க. அந்தக் காலத்துல கமலை இறைச்சது மாடு. 'ஹோ'ன்னா நிக்கும். டிராக்டருக்குப் பின்னாடி ரோட்டவேட்டரை ஓட்டுற பி.டி.ஓ. ஷாப்ட் நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது செகண்டுக்கு 9. துண்டோ முந்தானையோ மாட்டினா, 'நிறுத்து'ன்னு கத்தி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அதுக்காகத்தான் பிளாஸ்டிக் உறை போட்டு விக்கிறான். கிரீஸ் அடிக்க இடைஞ்சல்னு அதைக் கழட்டி மூலையில போடுறது இங்க வழக்கம்.

அதைவிட மோசம் ஸ்டார்ட்டர்ல குச்சி சொருகுறது. மும்முனை கரண்ட் ராத்திரி எப்ப வந்தாலும் மோட்டார் தானா ஓடணுமாம். கிணத்துக்குள்ள ஆள் இறங்கி நிக்கும்போதும் அது தானாத்தான் ஓடும்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேல பார்த்தா, மிச்சமான களைக்கொல்லி குவார்ட்டர் பாட்டில்ல நிக்கும். பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. இருட்டுல எந்த பாட்டில் எதுன்னு யாருக்குத் தெரியும்? மருந்துக்குன்னு பூட்டுப் போட்ட தனிப் பெட்டி, அதுவும் இந்த ரூமுக்கு வெளியே. இதுல மட்டும் நான் யார்கூடவும் பேரம் பேசுறதில்லை.

ஒழுங்கா அடுக்குறதை டவுன்காரங்க பழக்கம்னு இங்க சிரிப்பாங்க. சுவத்துல ஸ்பானர் உருவத்தைப் பெயிண்ட்ல வரைஞ்சு ஆணி அடிச்சா, எது இல்லைன்னு பார்த்ததும் தெரியும். பதிமூணாம் நம்பர் கிடைக்காதவன்தான் கட்டிங் பிளேயரை வச்சுத் திருகி, நழுவி, கையைக் கிழிச்சுக்கிறான். கிரைண்டர் மாட்டுற பிளக்குக்கு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போடுறதும் அரைநாள் வேலைதான்.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, மெஷினை வாங்குறது நீங்க, ஓட்டுறது உங்க தோட்டத்தைப் பார்த்துக்கிறவங்க. சாயங்காலம் பால் கறக்கிறதுக்கு முன்னாடி, வெளிச்சம் மங்குற நேரத்துல தட்டை தள்ளுறது பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாதான். கை போச்சுன்னா அவங்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, லீவு சம்பளம் கிடையாது, மறுநாள் கூலியும் கிடையாது.

அடுத்த வாரம் வரும்போது தட்டை மெஷினோட ஸ்விட்ச் எங்க இருக்குன்னு பாருங்க. தள்ளுற ஆளுக்கு நின்ன இடத்துலேயே கை எட்டணும். எட்டலைன்னா, ஊருக்குத் திரும்புறதுக்குள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்திட்டுப் போங்க.