பல்லைப் பிடித்துப் பாருங்கள்

"ஓசியில் கிடைக்கிற சரக்கை நம்பி உங்கள் எழுத்தையெல்லாம் ஒப்படைக்கலாமா, ஸார்?" என்று சென்ற மாதம் ஒரு நண்பர் என்னைக் கேட்டார். கேட்ட தோரணையில் அனுதாபமும் இருந்தது, ஏளனமும் இருந்தது. அனுதாபத்துக்கு அப்பொழுதே நன்றி சொல்லிவிட்டேன். ஏளனத்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். என் கணினியின் வன்தட்டுக்கு வயதாகிவிட்டது. காலையில் அது விழித்தெழுவதற்குள் நான் ஒரு காப்பியைக் குடித்து முடித்துவிடலாம். அச்சேறிய என் நாவல்களைப் பற்றிக் கவலையில்லை. அவை வாசகர்களின் அலமாரிகளில் இருக்கின்றன. ஆனால் பாதியில் நிற்கும் ஒரு நாவல் அந்தத் தட்டில் மட்டுமே இருந்தது. உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. ஆகவே புதுத் தட்டு ஒன்றை வாங்கி, பழையதை அப்படியே அதில் பெயர்த்துக்கொண்டேன். அந்தக் காரியத்தைச் செய்து கொடுத்த மென்பொருளின் பெயர் குளோன்ஸில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் பிறந்தது. என்னிடம் அது ஒரு காசும் கேட்கவில்லை. நண்பரின் கண்ணில் இதுதான் அதன் குற்றம்.

ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விலங்கில்லாததற்கும் ஒரே சொல். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த இயக்கத்துக்கு வித்திட்ட நாள் முதல், அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே பெரும் பாடாகப் போயிற்று. நமக்கோ 'இலவசம்' என்று ஒரு சொல்லும் 'சுதந்திரம்' என்று ஒரு சொல்லும் தனித்தனியே இருக்கின்றன. இருந்தும் நாம் தேடிப் பிடித்துச் சொல்வது 'ஓசி'!

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாடோ தானாகவே வாயைத் திறந்து, "என் பல்லைப் பாருங்கள்" என்கிறது. அதன் மூல நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எனக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனால் தெரிந்தவர்கள் படிக்கிறார்கள் என்பது எனக்குப் போதும். காசு கொடுத்து வாங்கும் மாட்டின் வாயைத்தான் பெரும்பாலும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"உத்தரவாதம் உண்டா?" என்றார் நண்பர். இல்லை. அதை அந்த மென்பொருளின் உரிமப் பத்திரமே ஒளிக்காமல் சொல்கிறது. காசுக்கு வாங்கிய மென்பொருளின் பத்திரத்தை அவர் கடைசி வரி வரைக்கும் படித்ததுண்டா? தரவு அழிந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று அங்கேயும் பெரும்பாலும் எழுதித்தான் இருக்கும். பொடி எழுத்தில் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சந்தா கட்டி ஒரு மென்பொருளில் பிரதி எடுத்து வைத்திருந்தார். சந்தா முடிந்தது. அந்தப் பிரதியை அதே மென்பொருள்தான் திறக்கும். தம் குழந்தைகளின் புகைப்படங்களைத் தாமே பார்க்க அவர் மறுபடியும் பணம் கட்டினார். வீடு அவருடையது, சாவி வேறொருவருடையது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

இந்த மென்பொருளில் சங்கடமே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. பென் டிரைவில் அதை ஏற்றி, கணினியை அதிலிருந்து கிளப்ப வேண்டும். பகட்டில்லாத திரையில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கும். புதுத் தட்டு பழையதைவிடச் சிறியதாக இருந்தால் சாதாரணமாக ஒப்புக்கொள்ளாது. எது மூலம், எது பிரதி என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் வெற்றுத் தட்டு உங்கள் எழுத்தின் மேல் பெயர்ந்துவிடும். அப்புறம் அழுது பயனில்லை. அதனால்தான் எழுதத் தொடங்குமுன் "நிச்சயந்தானா?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்கிறது. எனக்குக் கை நடுங்கியது. தட்டின் பெயரையும் அளவையும் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். அந்தச் சிரத்தையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பழுதாகிவிட்ட தட்டுக்கு டிடிரெஸ்க்யூ என்று இன்னொன்று உண்டு. நல்ல பகுதிகளை முதலில் வாரியெடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். அதுவும் சுதந்திர மென்பொருள்தான்.

ஓலைச்சுவடிக் காலத்தில் பெயர்த்தெழுதக் கொடுத்த ஏடு பிழைத்தது. பெட்டியில் வைத்துப் பூட்டிய ஏட்டைச் செல் அரித்தது. கருவி மாறியதே தவிர நியாயம் மாறவில்லை.

நண்பரிடம் கடைசியில் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "உங்கள் தட்டுக்கு எத்தனை பிரதி வைத்திருக்கிறீர்கள்?"

ஒன்றுகூட இல்லையாம். நல்ல மென்பொருளாகப் பார்த்து வாங்கலாம் என்று மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.