சம்மதமா... சத்தியமா?

"கல்யாணத்துக்கு முன்னாடி பழகினா என்ன தப்பு?" என்று காலேஜ் படிக்கும் பிள்ளை கேட்டால், நம்மில் பலர் முறைத்துவிட்டு டி.வி. பக்கம் திரும்பிவிடுவோம். ஆனால், இந்தக் கேள்விக்கு இரண்டு தரப்பினர் தீர யோசித்துப் பதில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, மதம் சாராத நவீனப் பார்வை. மற்றொன்று, கிறிஸ்தவப் பார்வை. இரண்டுமே நம் வீட்டுப் படுக்கையறைக்கு உதவும் என்பது என் கட்சி.

நவீனப் பார்வை கேட்பது: "ரெண்டு பேருக்கும் சம்மதமா?" வயது வந்த இருவர், மிரட்டலோ ஏமாற்றோ இல்லாமல், மனசார விரும்பினால் அது அவர்கள் சொந்த விஷயம். நோய் தொற்றாமல், வேண்டாத கர்ப்பம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்பு வற்றிவிட்டால் கௌரவமாகப் பிரியலாம். கள்ள உறவைக் குற்றமாக்கிய இ.பி.கோ. 497-ஐ 2018-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இந்த வழியில்தான். அது விவாகரத்துக்குக் காரணமாகலாம், ஜெயிலுக்கு அனுப்பும் குற்றம் ஆகாது என்றது கோர்ட். கணவன் மனைவிக்கு எஜமானன் இல்லை என்றும் சொன்னது.

கிறிஸ்தவப் பார்வை கேட்பது: "கடைசி வரைக்கும் கூட இருப்பியா?" காதல் என்பது வந்து போகிற உணர்ச்சி மட்டுமில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது. உடம்பைக் கொடுப்பது தன்னையே கொடுப்பது. அதனால் முதலில் சத்தியம், பிறகுதான் தாம்பத்யம்.

கருத்தடை விஷயத்தில் சபைகளுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. 1930-ல் லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிகன் பிஷப்புகள் நிபந்தனையோடு அதற்கு இடம் கொடுத்தார்கள். 1968-ல் போப் ஆறாம் பால் மாத்திரை, காண்டம் எதுவும் கூடாது என்று சுற்றுமடல் வெளியிட்டார்.

அதே மடலில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. துணையின் உடல்நிலையையும் நியாயமான விருப்பத்தையும் மதிக்காமல் திணிக்கும் உறவு உண்மையான அன்பின் செயலே இல்லை என்கிறார் போப். கணவன் - மனைவிக்குள்ளேதான் சொல்கிறார்! கட்டாயப்படுத்தி நடத்திய கல்யாணம் செல்லாது என்பது கத்தோலிக்கச் சபையின் சட்டம். ஆக, சத்தியத்தைப் பெரிதாகச் சொல்பவர்களும் சம்மதத்தை விட்டுவிடவில்லை.

நாட்டுச் சட்டங்கள்தான் பின்தங்கிவிட்டன. மனைவியைப் பலவந்தம் செய்வதும் கற்பழிப்புதான் என்று இங்கிலாந்தின் உச்ச நீதி அமைப்பு தீர்ப்பளித்தது 1991-ல். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நம் பாரதிய நியாய சன்ஹிதாவோ, மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் அது கற்பழிப்பு ஆகாது என்று விதிவிலக்கு தருகிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் உதவியை அவள் நாடலாம்.

இரண்டு பார்வைகளையும் தவறாகப் பயன்படுத்த முடியும். "சம்மதிச்சுத்தானே வந்தே?" என்று கேட்டுவிட்டு, கர்ப்பமானதும் கைகழுவுகிறவன் உண்டு. அங்கே சம்மதம் இருந்தது, பொறுப்பு இல்லை. "தாலி கட்டியாச்சு, சகிச்சுக்கோ" என்று வலியால் துடிக்கும் மனைவியின் வாயை அடைக்கிறவனும் உண்டு. அங்கே சத்தியம் இருந்தது, அன்பு இல்லை.

நம் வீடுகளில் இரண்டாவது ரகம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. புகுந்த வீடு போகும் பெண்ணுக்கு "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று ஆளாளுக்குச் சொல்கிறோம். பையனிடம் யாராவது வாயைத் திறக்கிறோமா? பிரசவமானவள் ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்வது அவன் காதில் விழ வேண்டாமா? மாதவிலக்கு நிற்கும் வயதில் பல பெண்களுக்கு வறட்சியால் உறவே வலியாகிறது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது என்று தெரியாமல் "இவளுக்கு ஆசையே போச்சு" என்று குறை சொல்லும் கணவர்கள் எத்தனை பேர்!

எந்த மதமானாலும், மதமே வேண்டாம் என்றாலும் சரி, பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். பெண்ணிடம், "கூட நிற்பானா என்று பார்த்துப் பழகு" என்று சொல்லுங்கள். பையனிடம், "கல்யாணமாகி இருபது வருஷம் ஆனாலும் அவள் மனசைக் கேள். 'இன்னிக்கு வேண்டாங்க' என்றால் முகத்தைத் தூக்கி வெச்சுக்காமல் தூங்கு" என்று சொல்லுங்கள். அப்பா வாயிலிருந்து வந்தால் இன்னும் நல்லது.