குஞ்சுக்கு முன் சூடு

கோழிக்குஞ்சு கொடுப்பது இலகு. அதைக் காப்பாற்றுவதே கடினம். 1990 வன்செயலிலும் 2004 கடல்கோளிலும் வீடுவாசலை இழந்த நம் குடும்பங்களுக்கு, வாழ்வாதார உதவி என்று கைக்கு வருபவற்றுள் கோழிக்குஞ்சுகளும் உண்டு. சாகாமம் பக்கத்தில் அவை மாரிகாலத்தில் வந்து சேர்ந்ததையும், ஓர் இரவில் பாதி மடிந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். "எங்கட கைராசி சரியில்லை, சுவாமி" என்று தாய்மார் தம்மையே நொந்துகொண்டனர். அது கைராசியின் குற்றமன்று, சூட்டின் குறை.

பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். இறகு முளைக்கும் வரை, மூன்று நான்கு வாரங்களுக்கு, அதனால் தன் உடற்சூட்டைத் தானே காக்க இயலாது. கச்சான் வீசும் ஆனி, ஆடிப் பகலில் வெயிலே போதும். அப்போது விளக்கெரித்தால் குஞ்சு வெந்து சாகும். கார்த்திகை, மார்கழி இரவோ ஈரமும் வாடையும் நிறைந்தது. ஆகவே எல்லாக் காலத்துக்கும் ஒரே சூடு என்பது பொருந்தாது.

மின்குமிழ் வசதியானதுதான். ஆனால் இன்று கடையில் கிடைக்கும் எல்.இ.டி. குமிழ் வெளிச்சம் தருமேயன்றிக் குஞ்சுக்குப் போதிய சூடு தராது. மேலும், 2022 பங்குனியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மண்ணெண்ணெயை நம்பினோரும் அவ்வாண்டு ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது திகைத்தனர்.

நம்மிடம் இருப்பதைப் பார்ப்போம். குளத்துநீர் பாயும் வயலும் நெல் ஆலைகளும் உள்ள இப்பகுதியில் உமிக்குப் பஞ்சமில்லை. தரையில் நான்கு விரல் உயரத்துக்கு உமி பரப்பினால் நிலத்தின் குளிர் ஏறாது. மண்சட்டியில் நன்றாகக் கனன்ற சிரட்டைக்கரியை இட்டு, மேலே சாம்பல் தூவி, சுற்றிலும் கம்பிவலை வைக்கலாம். புகையும் நச்சுவாயுவும் வெளியேற மேலே திறப்பு அவசியம். ஆட்கள் உறங்கும் அறையில் இதை வைக்கவே கூடாது. நெருப்புக்கு அஞ்சுவோர் சுடுநீர்ப் போத்தலைச் சாக்கில் சுற்றி வைத்து, இரவில் இரண்டு மூன்று முறை மாற்றலாம். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுக்கு அடைக்கோழியைவிடச் சிறந்த அடுப்பு வேறில்லை.

எதைத் தெரிந்தாலும் அளவுகோல் குஞ்சுதான். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். விலகி ஓடி வாய் பிளந்தால் வெக்கை. பரவிப் படுத்தால் சரி.

உதவி வழங்குவோரிடம் நாம் கேட்பது ஒன்றே: குஞ்சு தருமுன் இரவில் சூட்டுக்கு என்ன வழி என்று அந்த வீட்டாரைக் கேளுங்கள். மழை ஓய்ந்து தை பிறந்தபின் தாருங்கள். இடம்பெயர்ந்தவர் இன்னொரு இழப்பைத் தாங்க மாட்டார். நீங்களும், மாரியில் யாராவது குஞ்சுப்பெட்டியுடன் வாசலில் நின்றால், "தையில் கொண்டு வாருங்கள்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். அது நன்றிகெட்ட தனமன்று, அனுபவம்.